இல்லாத கயிற்றின் அளவு

அலுவலகத்தில் அவருக்குத் தராசு என்று பெயர். கிண்டலாக வைத்த பெயர்தான்; போகப் போக மரியாதையாகிவிட்டது. சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருப்பார். நீல மூடி போட்டது அலுவலகத்துடையது, கறுப்பு மூடி சொந்தம். மகளின் கல்லூரி விண்ணப்பத்தில் நீலப் பேனா பட்டதே இல்லை. பரிசோதனைக்குப் போகும் கட்டடங்களில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். தோள்பையில் சொந்தப் பாட்டில் இருக்கும். லிஃப்ட் கம்பெனி ஒன்று இலவசமாக அனுப்பிய நாட்காட்டியை, அஞ்சல் செலவைத் தானே போட்டுத் திருப்பி அனுப்பினார். தராசு மேசையில் ஈகூட உட்காராது, எடை கூடிவிடுமோ என்று அதற்குப் பயம் என்பார் பக்கத்து மேசை குமாஸ்தா.

இந்த மனிதர்தான் ஒரு பெண்ணின் சாவுக்குக் காரணமானார். அதில் அவருடைய நேர்மைக்கும் பெரிய பங்கு உண்டு.

அவர் லிஃப்ட் பரிசோதகர். ஒவ்வொரு லிஃப்டையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். மொட்டைமாடி மோட்டார் அறையில் ஏறிக் கம்பிக் கயிற்றின் தடிமனை வெர்னியர் அளவுகோலால் அளக்க வேண்டும். பிறகு அடியில் இருக்கும் பள்ளத்தில் இறங்கி, சேஃப்டி என்று அவர்கள் சொல்கிற இரும்புப் பிடியைக் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். லிஃப்ட் கட்டுமீறிக் கீழே பாய்ந்தால் பக்கத்துத் தண்டவாளத்தைக் கவ்வி நிறுத்துவது அந்தப் பிடிதான். ஒழுங்காகச் செய்தால் ஒரு லிஃப்டுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். முதல் எட்டு வருடம் ஒழுங்காகவே செய்தார். எலிப்புழுக்கையும் கிரீஸும் அப்பிய முழங்காலோடுதான் வீட்டுக்கு வருவார். வேலை நிரந்தரமானபோது மனைவி ஒரு நல்ல வெர்னியர் வாங்கிக் கொடுத்தார், தோல் உறையோடு.

ஒன்பதாம் வருடம் ஒரு பரிசோதகர் ஓய்வு பெற்றார். அந்த இடத்தை நிரப்பவில்லை. அவர் பகுதியைத் தராசிடம் சேர்த்தார்கள். பிறகு இன்னொருவர் போனார். அவருடையதும் வந்து சேர்ந்தது. கடைசியில் அவர் தலையில் நானூற்று அறுபது லிஃப்ட். மூன்று மாதத்தில் வேலைநாள் அறுபத்தைந்து. ஒரு நாளைக்கு ஏழு லிஃப்ட், ஏழிரண்டு பதினான்கு மணி நேரம், பேருந்துக்குக் காத்திருப்பது தனி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு இது. பங்கு பிரித்த மேலதிகாரிகள் யாரும் இந்தக் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். தெரிந்தேதான் பிரித்தார்கள், அறிக்கை வந்தால் போதும், அதன் பின்னால் ஆள் போனானா என்பது அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

தராசு ஒரே ஒரு கடிதம் எழுதினார். மேலதிகாரி கூப்பிட்டு உட்காரவைத்துச் சிரித்தார்.

"லிஃப்ட் தானா மேல போகுது, தானா கீழ வருது. நீங்க ஏன் தூக்கிச் சுமக்கறீங்க? எழுதிக் குடுங்க, போதும்."

முதல் பொய் ஒரு பல் மருத்துவமனைக் கட்டடத்தில் நடந்தது. மோட்டார் அறைச் சாவி வைத்திருந்த காவலாளி விடுப்பில் போயிருந்தார். திரும்ப வர நாள் இல்லை. முந்தைய அறிக்கையைப் பார்த்து, கயிற்றின் அளவில் புள்ளி ஒன்றைக் குறைத்து எழுதினார். பேருந்து அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம் ஆட்கள் ஒழுங்காக வெளியே வருகிறார்களா என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். அடுத்த காலாண்டில் முதல் வேலையாக அங்கே ஓடி அளந்தார். வெர்னியர் காட்டியதும் அவர் உட்கார்ந்த இடத்தில் எழுதியதும் ஒன்றாகவே இருந்தன.

அந்த அளவு அன்றைக்குப் பிசகியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். பிசகவில்லை. அளக்காமலே தெரிந்துவிடுகிற அளவுக்கு அனுபவம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு அதுவே வேலைமுறை ஆகிவிட்டது. அலுவலகத்தில் இதற்கு 'மேசைப் பரிசோதனை' என்று பெயரே உண்டு. காலையில் முதல் தேநீரோடு தொடங்கி மதியத்துக்குள் ஏழு லிஃப்டை முடித்துவிடுவார். மற்றவர்கள் பழைய அறிக்கையை அப்படியே படியெடுத்தார்கள். அவர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது, சோம்பேறிகள் என்பார். அவர் அப்படியெல்லாம் செய்வதில்லை. கயிறு எவ்வளவு தேய்ந்திருக்கும் என்று கட்டடத்தின் மாடி, கூட்டம் எல்லாம் யோசித்துக் கணக்குப் போட்டு எழுதுவார். முழு எண் எழுத மாட்டார். இருபதில் ஒன்றுக்கு 'உள்விளக்கு மங்கல்', 'இரண்டாம் மாடிக் கதவில் சத்தம்' என்று ஏதாவது ஒரு குறை போடுவார். குறையே இல்லாத அறிக்கையை யார் நம்புவார்கள்? கட்டடக்காரர்களும் பயந்துபோய் விளக்கை மாற்றிவிட்டு, மாற்றியாகிவிட்டது என்று பதில் எழுதுவார்கள். தன் அறிக்கையால் ஊரில் நாலு விளக்கு எரிகிறது என்று அவர் உண்மையாகவே திருப்திப்பட்டார்.

ஒவ்வொருவர் மனசுக்குள்ளும் ஒரு வக்கீல் உட்கார்ந்திருக்கிறார். கூலி கேட்பதில்லை, விடுமுறை எடுப்பதில்லை. தராசின் வக்கீலிடம் இருந்தது ஒரே ஒரு வாதம், ஆனால் இரும்பு வாதம்: கைநீட்டி ஒரு பைசா வாங்காதவன் எப்படிக் குற்றவாளி ஆவான்? நாட்காட்டியைத் திருப்பி அனுப்பிய கைக்கு, போகாத இடத்துக்குப் போனதாக எழுதும் உரிமை கிடைத்துவிட்டது. லஞ்சம் வாங்குகிறவனுக்காவது ராத்திரி வாங்கியது உறுத்தும். இவருக்கு உறுத்த எதுவுமே மிச்சமில்லை. இருபத்திரண்டு வருடம் இப்படி ஓடியது.

அந்த நானூற்று அறுபதில் ஒன்று, நான்கு மாடித் துணிக் கிடங்கு ஒன்றின் சரக்கு லிஃப்ட். சரக்குக்கு மட்டும் என்று பலகை இருக்கும். துணி மடிக்கும் பெண்கள் மூட்டையோடு மூட்டையாக அதில்தான் போய்வருவார்கள். அதைப் பராமரித்த மெக்கானிக்குக்குச் செம்பு என்று பெயர். பத்தொன்பது வயதில் செம்புக் கம்பி திருடி எட்டு மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். அதற்குப் பிறகு பதினாறு வருடம் ஒரு தப்பும் செய்யவில்லை. பெயர் மட்டும் போகவில்லை. கல்யாணம் ஆகவில்லை. துணிக்கு இஸ்திரி போடும் அக்காவோடு இருந்தார்.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, இரண்டு பெண்களும் பதினெட்டு மூட்டையுமாக மூன்றாம் மாடியிலிருந்து இறங்கிய அந்த லிஃப்டில் மோட்டார் பிரேக் பிடிக்கவில்லை. லிஃப்ட் பாய்ந்தது. கவ்வ வேண்டிய சேஃப்டி கவ்வவில்லை. பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் துருவேறி இறுகிக் கிடந்தது. ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் போயிற்று. இன்னொரு பெண் அங்கேயே இறந்தாள். முப்பத்து நான்கு வயது. மதியச் சாப்பாட்டு டப்பாவை மூடி திறக்காமலே வெளியே எடுத்தார்கள்.

செய்தி அலுவலகத்துக்கு வந்தபோது தராசு செத்தது யார் என்று கேட்கவில்லை. இழுப்பறையைத் திறந்து தன் நகலைத் தேடினார். மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. 'சேஃப்டி: கையால் இழுத்துப் பார்க்கப்பட்டது. நன்றாக இயங்குகிறது. பள்ளம்: ஈரம் இல்லை. கயிறு: 11.9 மில்லிமீட்டர்.' படித்ததும் நெஞ்சு லேசானது. நெஞ்சு லேசானதைத் தானே கவனித்தார். நகலை இழுப்பறைக்குள் தள்ளி மூடினார்.

செம்புவை அன்று மாலைக்குள் பிடித்துவிட்டார்கள். 'பழைய திருடன் பராமரித்த லிஃப்ட்' என்று செய்தித்தாளில் வந்தது. சேஃப்டி துருப்பிடித்துவிட்டது, பள்ளத்தில் எங்கிருந்தோ தண்ணீர் கசிகிறது, லிஃப்டை நிறுத்துங்கள் என்று பராமரிப்பு நோட்டில் இரண்டு முறை எழுதியதாகவும் கிடங்கு மேலாளரிடம் வாயாலும் சொன்னதாகவும் அவர் சொன்னார். அப்படி ஒரு நோட்டே இல்லை என்றார் மேலாளர். மூன்று வாரத்துக்கு முன் நன்றாக இருந்தது என்று அரசாங்கத் தாள் சொல்கிறது. அப்படியானால் அதன் பிறகு மெக்கானிக்தான் எதையோ கழற்றி விற்றிருக்கிறான் என்றது போலீஸ். செம்புவுக்கு எதிராக வேறு சாட்சியே கிடையாது. வழக்கு முழுவதும் தராசின் ஒற்றைத் தாள் மேல்தான் நின்றது.

தராசு நடந்ததை மனைவியிடம் சொன்னார். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"நீங்க அந்த லிஃப்டைத் தொட்டீங்களா?"

"தொடல. அதுதான் குத்தம்."

"தொடாதவர் மேல எப்படிங்க பழி வரும்? இன்னும் ஏழு மாசம். வாயை மூடிட்டு ரிட்டையர் ஆயிடுங்க."

பிறகு மனைவியே எழுந்து போய், சமையலறையில் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் தராசு நீதிமன்றத்துக்குப் போனார். அதில் சந்தேகமே வேண்டாம். பேருந்தில் போகும்போது வாக்கியத்தைக்கூட மனப்பாடம் செய்தார். அன்றைக்கு நேரில் போய்ப் பார்த்தீர்களா என்று அரசு வக்கீல் கேட்டார். தராசு வாயைத் திறந்தார்.

"பார்த்தேன்."

அதோடு நிற்கவில்லை. பள்ளம் காய்ந்திருந்தது, லீவரை இழுத்தேன், பிடி சட்டென்று கவ்வியது, கையில் கிரீஸ் ஒட்டியது, பையில் வைத்திருந்த பழைய துண்டால் துடைத்துக்கொண்டேன் என்றார். துண்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்தத் துண்டு அவருக்கே அந்த நொடியில்தான் தெரியும். இருபத்திரண்டு வருடம் கை செய்த வேலையை அன்று வாய் செய்தது. கூண்டில் நின்ற செம்பு தலையைச் சாய்த்து அவரையே பார்த்தார். கோபம் இல்லை. ஓடுகிற மோட்டாரில் புதுச் சத்தம் கேட்டால் மெக்கானிக்குகள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

அடுத்து மனநல நிபுணர் வந்தார். செம்புவோடு நாற்பது நிமிடம் பேசி அறிக்கை எழுதியிருந்தார். தராசு சாட்சிகளின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். குற்ற மனப்பான்மை உள்ளவர்களுக்குச் சில அடையாளங்கள் உண்டு என்றார் நிபுணர். விதிகள் மற்றவர்களுக்குத்தான் என்று நினைப்பார்கள். பின்விளைவைப் பற்றிய பயம் இருக்காது. நம்பும்படி, நுணுக்கமான விவரங்களோடு பொய் சொல்வார்கள். ஒரு விபத்து நடந்தால் அடிபட்டவரைப் பற்றி நினைக்கும் முன் தங்கள் தப்பிப்பைப் பற்றி நினைப்பார்கள். தராசு மடியில் வைத்த கையில் ஒவ்வொரு விரலாக மடக்கினார். நாலும் பொருந்தியது. நிபுணரின் சுட்டுவிரல் மட்டும் கூண்டைக் காட்டிக்கொண்டிருந்தது.

கைவிலங்கைப் பார்த்த பிறகு மனசைப் படிப்பது சுலபம். நான் சொன்னேன், அவர்கள் கேட்கவில்லை என்று செம்பு சொன்னதை, 'பழியைப் பிறர்மேல் போடும் இயல்பு' என்று நிபுணர் குறித்திருந்தார். இறந்த பெண்ணைப் பற்றிப் பேசும்போது அழுததை நடிப்பு என்று எழுதியிருந்தார். அழாமல் இருந்திருந்தால் ஈரமில்லாத நெஞ்சு என்று எழுதியிருப்பார். திருடனின் மண்டை இன்ன வடிவம் என்று ஒரு காலத்தில் நூல் பிடித்து அளந்தவர்கள் இருந்தார்கள். இப்போது நூலைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அளக்கப்படுகிற மண்டை மட்டும் அன்றும் இன்றும் ஏழையுடையதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தராசின் வீட்டுக்கு ஒரு பெண் வந்தார். முழங்கைக்குக் கீழே பழைய தீக்காயங்கள் வரிவரியாக இருந்தன. செம்புவின் அக்கா. கையில் வக்கீல் கொடுத்த நகல்கள் இருந்தன. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அண்ணே, எனக்குப் படிக்கத் தெரியும். இந்த எண்ணு மட்டும்தான் புரியல. லிஃப்ட் விழுறதுக்கு ஒம்போது மாசம் முன்னாடி தம்பி கயிறு மாத்தினான். புதுக் கயிறு பதிமூணாம். மிச்சத் துண்டுதான் எங்க வீட்டுத் துணிக்கொடி. நீங்க அதுக்கப்புறம் மூணு வாட்டி அளந்திருக்கீங்க. பன்னெண்டு புள்ளி ஒண்ணு, பன்னெண்டு புள்ளி பூஜ்யம், பதினொண்ணு புள்ளி ஒம்போது. புதுக் கயிறு இப்படித் தேயுமாண்ணே?"

மனைவி உள்ளேயிருந்து வந்து கதவருகில் நின்றார்.

"கயிறு விக்கிற கடையில கேட்டிருக்கலாம். ஊரே உங்களைத் தராசுன்னு சொல்லுதே. அதான் உங்ககிட்டயே வந்தேன். நீங்களே வந்து அளந்து சொல்லிடுங்க."

கயிறு மாற்றியது அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வழி இல்லை, போனால்தானே தெரியும். பழைய கயிறு ஒழுங்காகத் தேய்ந்துகொண்டே போவதாக அவர் மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தார். படியெடுக்கும் சோம்பேறிகள்கூட இவ்வளவு வசமாக மாட்டியிருக்க மாட்டார்கள். 

தோல் உறையை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணோடு நடந்தார். ஒரே அறை, முன்னால் தகரச் சாய்ப்பு. சாய்ப்பில் இஸ்திரி மேசை. சுவருக்குச் சுவர் கம்பிக் கயிறு. அதில் பிறத்தியார் சட்டைகள். வெட்டிய முனையில், இரும்பு இழைகளுக்கு நடுவே ஒரு நீல நூல் தெரிந்தது. தராசு உறையிலிருந்து வெர்னியரை எடுத்தார். அதன் தாடை நகரவில்லை. பல வருடம் திறக்காமல் இறுகியிருந்தது. அக்கா இஸ்திரிப் பெட்டியின் கீலுக்கு விடும் எண்ணெயை எடுத்து நீட்டினார். இரண்டு சொட்டு விட்டு, கட்டைவிரல் வலிக்கத் தள்ளித் திறந்து அளந்தார். மூன்று இடத்தில் அளந்தார்.

"பதிமூணு," என்றார்.

"அப்ப நீங்க அளந்தது எந்தக் கயிறுண்ணே?"

"எந்தக் கயிறும் இல்லம்மா. நான் போகவே இல்ல."

அக்கா ஒரு காலரை மடித்து இரண்டு பக்கமும் தேய்த்து முடித்தார். பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டுக் கேட்டார்.

"இதை அங்க வந்து சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"போன வாட்டியும் சொல்லணும்னுதான் கிளம்பியிருப்பீங்க."

அக்காவுக்கு அது எப்படித் தெரிந்தது என்று தராசுக்குப் புரியவில்லை. கொடியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிடுமாறு கேட்டார். தன் நாக்கை இனித் தானே நம்ப முடியாது, கயிறு பேச்சு மாறாது என்றார். அக்கா சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார்.

அடுத்த விசாரணைக்கு முன் தாழ்வாரத்தில் அரசு வக்கீல் அவரைத் தனியே கூப்பிட்டு, பரிதாபப்பட்டு உளறாதீர்கள், உங்கள் நல்ல மனசு எனக்குப் புரிகிறது என்றார். மேலதிகாரி ஓய்வூதியத்தை நினைவுபடுத்தினார். தராசு கூண்டில் ஏறினார். நான் போகவில்லை, பள்ளத்தில் இறங்கவில்லை, துண்டும் பொய், அறிக்கையும் பொய் என்றார். நீதிபதி நம்பவில்லை. இவ்வளவு நேர்மையான அதிகாரி, குற்றவாளியின் குடும்பத்தைப் பார்த்து மனம் இளகிவிட்டார் என்றுதான் அந்த அறையில் எல்லோரும் நினைத்தார்கள். பொய்யை உடனே நம்பிய அறை அது. அன்று சொன்னதை நம்புவதா, இன்று சொல்வதை நம்புவதா என்று நீதிபதி கேட்டார்.

"என்னை நம்பவே வேணாங்க," என்றார் தராசு. "இந்தக் கயித்தை அளந்து பாருங்க."

அளந்தார்கள். கயிறு விற்ற கடைக்காரர் வந்து, நீல நூல் போட்ட இந்த ரகம் போன வருடம் அந்தக் கிடங்கு லிஃப்டுக்குத்தான் போனது என்று தேதியோடு சொன்னார். தராசு இல்லாத கயிற்றை மூன்று முறை அளந்தது நிரூபணமாயிற்று. அவர் தாள் விழுந்தது. அதன்மேல் நின்ற வழக்கும் சாய்ந்தது.

வெளியே தாழ்வாரத்தில் இறந்த பெண்ணின் கணவர் உட்கார்ந்திருந்தார். எல்லா விசாரணைக்கும் வந்தவர். தராசைக் கண்டதும் எழுந்து நின்று, பேருந்து நேரம் விசாரிப்பவரைப் போலக் கேட்டார்.

"ஒரு லிஃப்டைப் பார்க்க எவ்வளவு நேரம் சார் ஆகும்?"

"ரெண்டு மணி நேரம்."

"அவ்வளவுதானா," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அரசு வக்கீல் எழுந்து, கிடங்குக்குச் சொந்தமான கயிறு செம்புவின் அக்கா வீட்டுக்கு எப்படிப் போனது என்று கேட்டார். மிச்சத் துண்டை மெக்கானிக்குகள் எடுத்துப்போவது வழக்கம் என்றார் செம்பு. மேலாளரைக் கூப்பிட்டார்கள். பராமரிப்பு நோட்டே இல்லை, கயிறு மாற்றியது நினைவில்லை என்று அதுவரை சொல்லிவந்த மேலாளருக்கு, எட்டடித் துண்டை எடுத்துப்போக அனுமதி கொடுக்கவில்லை என்பது மட்டும் துல்லியமாக நினைவு வந்தது.

தீர்ப்பு வந்தது. பெண்ணின் சாவுக்குச் செம்பு பொறுப்பல்ல. கயிற்றுத் துண்டைத் திருடியதற்கு, முன்பே தண்டனை பெற்றவர் என்பதால், ஒன்றரை வருடம். நிபுணரின் அதே அறிக்கை இதற்கும் பயன்பட்டது: திருடும் இயல்பு மாறவில்லை. எந்தக் கயிறு அவரைக் காப்பாற்றியதோ அதையே கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

தராசின் வழக்கைத் தனியாக எடுத்து ஒரே முற்பகலில் முடித்தார்கள். முதல் குற்றம், முப்பத்தோரு வருடக் களங்கமில்லாத சேவை, தானாக முன்வந்து ஒப்புக்கொண்டவர். அதே நிபுணர் இவரோடும் பேசினார், ஒன்றேகால் மணி நேரம், நடுவில் தேநீர் கொடுத்து. 'குற்ற மனப்பான்மை இல்லை. அதிக வேலைப்பளு. ஆழ்ந்த குற்றவுணர்வு.' நன்னடத்தை உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். வேலை போயிற்று. நானூற்று அறுபது லிஃப்டை, ஏற்கெனவே அவ்வளவே வைத்திருந்த இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். மேலதிகாரிக்குப் பதவி உயர்வு தள்ளிக்கூடப் போகவில்லை. தெருவில் பார்க்கிறவர்கள் தராசின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தக் காலத்தில் யார் சார் இப்படி ஒத்துக்குவாங்க என்றார்கள். அவருடைய பெயர் முன்னைவிட நல்ல பெயராகிவிட்டது. அதைக் கேட்கப் பயந்தே தெருவில் இறங்காமல் இருந்தார்.

ஒரு நாள் புதுக் கொடிக்கயிறு வாங்கிக்கொண்டு அக்காவின் சாய்ப்புக்குப் போனார். அக்கா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவர் சுவரில் ஏறிக் கட்டி முடிக்கும்வரை வேலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"நேத்து தம்பியைப் பார்க்கப் போனேன். உங்களைத் திட்டுவான்னு நினைச்சேன், திட்டல. அவன் கவலையெல்லாம் அந்தத் தண்ணி. கிடங்குல புது லிஃப்ட் வச்சுட்டாங்களாமே, பள்ளம் அதே பள்ளம்தானே அக்கா, கசிவு எங்கிருந்துன்னு யாராவது பார்த்தாங்களான்னு கேட்டான். யார்கிட்டயாவது சொல்லுன்னான். எனக்கு யாரைண்ணே தெரியும், உங்களைத் தவிர?"

மறுநாள் காலை தராசு கிடங்குக்குப் போனார். முப்பத்தோரு வருடத்தில் அந்த வாசலை அவர் மிதித்தது அதுதான் மூன்றாம் தடவை. காவலாளி நீதிமன்றத்தில் பார்த்தவர். எழுந்து வணக்கம் சொல்லி உள்ளே விட்டார். புது லிஃப்டின் கதவு பளபளவென்று இருந்தது. பக்கத்துச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், போன வாரத்துப் பரிசோதனை அறிக்கை. வேறு யாருடைய கையெழுத்தோ. 'சேஃப்டி: நன்றாக இயங்குகிறது. பள்ளம்: ஈரம் இல்லை. கயிறு: 12.9 மில்லிமீட்டர். இரண்டாம் மாடிக் கதவில் சத்தம்.'

கடைசி வரியைப் படித்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கதவு அவருடையது. அவர் மேசையில் பிறந்த கதவு.

மூட்டைகளோடு ஐந்து பெண்கள் வந்து ஏறினார்கள். அவர் குனிந்து வாசல் இடுக்கில் காதை வைத்தார். கீழே, இருட்டில், சொட்டு விழும் சத்தம் கேட்டது. ஒன்று, இடைவெளி, இன்னொன்று. நிமிரவில்லை. அப்படியே வாசல்படியில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக உட்கார்ந்துவிட்டார்.

"வழி விடுங்க பெரியவரே, மேல வேலை கெடக்கு," என்றாள் ஒருத்தி.

பள்ளத்தில் தண்ணீர் இருக்கிறது, இறங்கிப் பார்க்கும்வரை இது ஓடக் கூடாது என்றார். எங்களுக்குச் சம்பளம் நீங்களா குடுக்கப்போறீங்க என்று இன்னொருத்தி கேட்டாள். யார் இவர் என்று முதலாமவள் காவலாளியைக் கேட்டாள்.

"ரொம்ப நல்ல மனுஷன்மா. தங்கமானவரு. அந்தக் கேஸுக்கு அப்புறம் பாவம், கொஞ்சம் ஒரு மாதிரி ஆயிட்டாரு," என்றார் காவலாளி. மேலாளரைக் கூப்பிட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனார்.

கதவு தானாக மூட வந்து அவர் தோளில் இடித்துத் திரும்பிப் போயிற்று. மறுபடி வந்தது, மறுபடி இடித்தது. அவர் நகரவில்லை.